நாற்பத்தெட்டு அங்குலம்

1

மரப்பாம்பைப் பிரித்துப் போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. நேற்று வேலை முடிந்து வரும்போது, வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக ஓட்டிப் போய் அது நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சமதரையாகப் புல் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவி சாந்தியிடம் சொன்னேன். "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மூஞ்சியோட அப்படியே உள்ள வராதீங்க, குளிச்சிட்டு வாங்க" என்றாள். குளித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

மதுரையில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டும். மரப்பாம்பு என்பது ஓஹியோவில் எங்கள் ஊர்ப் பூங்காவில் இருந்த ரோலர் கோஸ்டர். முழுக்க மரத்தால் கட்டியது. பூங்காக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் வேறு. நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் மரத்தாலான பாம்பு வளைந்து கிடப்பது போல இருக்கிறது என்று என் மகள் நிவேதா நாலு வயதில் வைத்த பெயர் இது. எங்கள் வீட்டில் இதுதான் நிலைத்தது.

எனக்கு நாற்பது வயது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று ஆள் பிடித்தார்களே, அந்தக் கூட்டத்தோடு வந்தவன். கம்ப்யூட்டர்கள் குழம்பவில்லை, நான் தங்கிவிட்டேன். தலையில் முடி கிடையாது, அதற்கு ஈடாகத் தொப்பை உண்டு. இதுவரை அறுபத்து மூன்று கோஸ்டர்களில் ஏறியிருக்கிறேன். இப்படி எண்ணி வைத்துக்கொள்கிறவர்களுக்கு இங்கே சங்கம் இருக்கிறது, சந்தா இருக்கிறது, மார்பில் எழுதிய பனியன் இருக்கிறது. சாந்தி அந்தப் பனியனைத் தரை துடைக்கும் துணிகளோடுதான் மடித்து வைப்பாள்.

மரப்பாம்பின் கடைசி நாளில் நிவேதாவை அதில் ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சும்மா கொடுக்கவில்லை. பதிலுக்கு ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து ஒன்றை வாங்கியிருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

அதற்கு முன்னால், யாரும் கேட்காவிட்டாலும், என் கருத்துகளைச் சொல்லிவிடுகிறேன். தலைகீழாகக் கவிழ்க்கும் கோஸ்டர்கள் பெரும்பாலும் ஏமாற்று வேலை. தோளோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்ட பிறகு ஏழு தடவை கவிழ்ந்தால் என்ன, எட்டு தடவை கவிழ்ந்தால் என்ன? மூட்டைக்குள் இருக்கிற வெங்காயத்துக்கு லாரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவா போகிறது. தண்ணீரில் போய் விழும் சவாரிகள் நனைவதற்கு மட்டும்தான், அதற்கு வீட்டுக் குழாயே போதும். உயரத்தையும் வேகத்தையும் வாசலில் பெரிதாக எழுதி வைக்கும் பூங்காக்களை நான் நம்புவதில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளத்தை முதலில் சொல்கிற மாப்பிள்ளை மாதிரி அது.

நல்ல கோஸ்டருக்கு ஒரே அடையாளம்தான். மேட்டைத் தாண்டும்போது உடம்பு சீட்டை விட்டு எழும்ப வேண்டும். ஒரு நொடி எதிலும் படாமல் நிற்க வேண்டும். மரக் கோஸ்டரின் கடைசிப் பெட்டியில் அது அதிகம் கிடைக்கும், ஏனென்றால் முன்பெட்டிகள் இறங்கும் வேகத்தில் கடைசிப் பெட்டியை வெடுக்கென்று மேட்டுக்கு மேல் இழுத்துவிடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அமெரிக்கா இல்லை. சிம்மக்கல்லில் ஏறி விளாங்குடிக்கு ட்யூஷன் போன டவுன் பஸ். கடைசியில் ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே நீள சீட்டு. அதில் நானும், வெங்காய மண்டிக்காரர் மகன் முருகேசனும் தினமும் இடம் பிடிப்போம். வேகத்தடை வருவது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். டிரைவர் அதை மதிக்காமல் ஏற்றிய நாட்களில் மொத்த வரிசையும் எழும்பி, கூரையை விசாரித்துவிட்டு வந்து உட்காரும். முருகேசனின் டிபன் பாக்ஸ் திறந்துகொண்டு ஒருநாள் புளிசாதம் முழுவதும் ஒரு பெரியவர் வேட்டியில் கொட்டியது. அப்போதும் நாங்கள் முன் சீட்டுக்கு மாறவில்லை.

சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்துக்கும் என் மரியாதை உண்டு. அங்கே பெண்கள் "அண்ணே, போதும்ணே" என்று கத்தினால் ராட்டினக்காரர் பரிதாபப்பட்டு மெதுவாக்குவார். பையன்கள் கத்தினால் இன்னும் ரெண்டு சுற்று கூட்டுவார். இங்கே ஓட்டுவது கம்ப்யூட்டர், அதற்கு அண்ணன் முறை கிடையாது.

3

இங்கே ஒவ்வொரு சவாரியின் வாசலிலும் ஒரு அளவுகோல் நிற்கும். மரப்பாம்புக்கு நாற்பத்தெட்டு அங்குலம். அதற்குக் குறைந்தவர்கள் எவ்வளவு அழுதாலும் ஏற முடியாது. நிவேதா நடக்கத் தொடங்கியதிலிருந்து நான் அவளைச் சமையலறைக் கதவு நிலையில் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். அவளுடைய அன்றைய உடம்புச் சூட்டைக் கேட்டால் எனக்குத் தெரியாது, அங்குலத்தைக் கேட்டால் கால் அங்குலச் சுத்தமாகச் சொல்வேன் என்று சாந்தி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன வருடம் மே மாதம் நிவேதா அளவுகோலைத் தொட்டாள். உச்சந்தலையில் சாந்தி கட்டிவிட்ட கொண்டை குறுக்குச் சட்டத்தில் உரசியது. வாசலில் அளந்த பெண்மணி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். வரிசையில் பாதி தூரம் போவதற்குள் இடி மின்னல் வந்து சவாரியை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதமே அறிவிப்பும் வந்தது: செப்டம்பர் முதல் திங்களோடு மரப்பாம்பு ஓய்வு பெறுகிறது. எங்களுக்கோ ஜூலையில் மதுரை டிக்கெட். திரும்பி வந்ததும் ஏறலாம் என்று சமாதானம் சொன்னேன்.

மதுரைக்குப் போனதற்கு ஒரு காரணம் பாக்கியாக இருந்த நேர்த்திக்கடன். அது நான் வேண்டிக்கொண்டது. அதற்கும் மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோது, விசா முத்திரைக்காகச் சென்னையில் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பவில்லை. கூடுதல் விசாரணை என்று ஒரு தாளை நீட்டினார்கள். என்ன விசாரணை, யாரை விசாரணை, எப்போது முடியும் என்று அந்தத் தாளில் இல்லை. ஒரு மாதம் போயிற்று. அலுவலகத்தில் மேலாளர் முதலில் அனுதாபப்பட்டார், பிறகு என் மேஜையை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பதாக எழுதினார். சிம்மக்கல் வீட்டு மொட்டை மாடியில் அழகர்மலை இருக்கிற திசையைப் பார்த்து நின்று, பாஸ்போர்ட் வந்துவிட்டால் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

என் முடியையா என்று கேட்பீர்கள். கீழே இறங்கி வந்து சொன்னதும் சாந்தியும் அதையேதான் கேட்டாள். "உங்க தலையில இருக்கிறதக் கொண்டுபோய் குடுத்தா சாமி கேலி பண்றான்னு நினைச்சுக்கிரும்." ஆகையால் பிள்ளை முடி என்று திருத்தி வேண்டிக்கொண்டேன். நாலாம் நாள் கூரியர் வந்தது.

4

நிவேதாவுக்கு நாலு வயதிலேயே மொட்டை போட்டிருந்தால் விஷயம் தெரியாமல் முடிந்திருக்கும். உடனே விமானம் ஏறிவிட்டோம், தள்ளிப் போய்விட்டது. ஏழு வயதுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் கேட்க, கடைசியில் எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவளே தமிழுக்கு வந்தாள்.

"அது உங்க விசாதானேப்பா. ஏன் என் முடி?"

எனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டேன். முடி கொடுத்தால் மரப்பாம்பின் கடைசி நாளில், கடைசிப் பெட்டியில், என் பக்கத்தில் ஏற்றுகிறேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கைகொடுத்து ஒப்பந்தத்தை முடித்தாள். நான் மகா புத்திசாலித்தனமாகக் காரியத்தைச் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதக் கூட்டம் அழகர்கோவிலில். மொட்டை போடுகிறவர் தலையை நனைத்து, "பாப்பா, அசையாம இரு" என்றார். அவள் அசையவில்லை, அழவுமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தலை என்று மட்டும் கேட்டாள். எத்தனை சுருள், எம்புட்டு அடர்த்தி! சாந்தி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தனம் பூசியதும் நிவேதா தலையைத் தடவிப் பார்த்து, "காத்து படுதுப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் முருகேசன் எங்களைக் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் போட்டிருந்த பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனான். ராட்டினக்காரர் அளவுகோல் எதையும் எடுக்கவில்லை. "பாப்பாவ மடில வச்சுக்கங்கண்ணே" என்றார், வைத்துக்கொண்டேன். உச்சியில் நின்றபோது ஊரே தெரிந்தது, அவள் சிரித்தது கீழே நின்ற முருகேசனுக்குக் கேட்டிருக்கிறது. இறங்கியதும் அமெரிக்காவின் நாற்பத்தெட்டு அங்குலச் சட்டத்தை அவனுக்குச் சொன்னேன்.

"மாப்ள, நாமெல்லாம் பஸ்ல அரை டிக்கெட்டுக்காகக் குனிஞ்சு நின்னோம். ஒம்மக அங்க போயி எக்கி நிக்கிறாளா?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். மொட்டைத் தலையில் கொண்டை இருக்காது என்பது அந்த நேரம்வரை எனக்கு உறைக்கவில்லை. கால் அங்குலச் சுத்தமாகக் கணக்கு வைத்தவன், இத்தனை வருடமாக முடியையும் சேர்த்தே அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

5

திரும்பி வந்து இறங்கிய விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி பாஸ்போர்ட்டில் இருந்த இரட்டைச் சடையையும் எதிரில் நின்ற மொட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். முடி எங்கே என்று அவளிடமே கேட்டார். அப்பா கொடுத்துவிட்டார் என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு விசாரணைத் தாள் தெரிந்தது. நல்லவேளை, முத்திரையைக் குத்திவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த மறுநாள் அங்கிருந்து நர்ஸ் தொலைபேசியில் அழைத்தாள். குரல் மிகவும் தணிந்திருந்தது. குழந்தைக்கு எந்த மருத்துவமனையில் சிகிச்சை என்று கேட்டாள். சிகிச்சை இல்லை, முடியைக் கடவுளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்றேன். பிறகு, தன் தேவாலயத்திலும் பிரார்த்திப்பதாகச் சொன்னாள். மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள், கடவுள் ஒருவர்தான் கதி என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம் சாந்தி நேரில் போய் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தாள். முடி இழப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் 'சமயம்' என்று எழுதினாளாம். பக்கத்தில் கொடுத்திருந்த இடம் அதற்குத்தான் போதும்.

நிவேதா இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தாள். வகுப்பில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. எல்லாரும் மிக நல்லவர்களாக நடந்துகொண்டார்கள், அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு போகத் தொடங்கினாள். எத்தனை நாளில் செப்டம்பர் முதல் திங்கள் என்று தினமும் கேட்டாள். அந்தத் திங்களைத் தவிர அந்த மொட்டைக்கு அவளிடம் வேறு நியாயம் இல்லை. நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கதவு நிலையில் நிறுத்தி அளந்து பார்த்தேன். கோடைக்குள் வளர்ந்திருந்தாள். வளர்ந்தும், கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றாள். அவளிடம் சொல்லவில்லை. தடிமனான அடிப்பாகம் உள்ள ஷூ வாங்கினேன்.

6

அந்தத் திங்கட்கிழமை மாநிலமே திரண்டு வந்துவிட்டது போலக் கூட்டம். மரப்பாம்புக்கு இரண்டரை மணி நேர வரிசை. சாந்தி எந்தக் கோஸ்டரிலும் ஏறியதில்லை, ஏறப்போவதுமில்லை. எங்கள் பைகள், என் கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வெளிவாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். அன்றும் அப்படித்தான்.

வாசல் அளவுகோலுக்கும் வெளியே நீண்டிருந்த வரிசையில் அரை மணி நேரம் நின்றிருப்போம். வெயிலுக்கு நிவேதா தொப்பியைக் கழற்றினாள். வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, நரைத்த தலை, ஓய்வுபெற்ற ஆசிரியை மாதிரி முகம், நேராக எங்களிடம் வந்தாள். நிவேதாவுக்கு முன்னால் மண்டியிட்டு அவள் பெயரைக் கேட்டாள். பிறகு எழுந்து, நீங்கள் இங்கே நிற்க வேண்டாம், என்னோடு வாருங்கள் என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

பள்ளி நர்ஸ் நினைத்ததையேதான் இவளும் நினைக்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். இரண்டு மணி நேரம் மிச்சம், பக்கவாட்டுப் படிகளில் அளவுகோல் வைத்திருக்கவில்லை, இந்த இரண்டையும் என் மூளை என்னைக் கேட்காமலே கணக்குப் போட்டுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, கால் மட்டும் நிற்கவில்லை. நிவேதா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கும் புரிந்திருந்தது என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது. அவளும் கூடவே படியேறினாள்.

மேடையில் ஒரு அளவுகோல் இருந்தது. சட்டத்துக்கும் தலைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. தடித்த ஷூ போட்டிருந்தும், அவள் லேசாக எக்கிக்கொண்டிருந்தும். அந்தப் பெண்மணி பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எனக்கு இன்று கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டது என்று சொல்லி, கடைசிப் பெட்டியின் கதவைத் திறந்துவிட்டாள். கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது.

உட்கார்ந்தோம். மரப்பாம்பின் பெட்டிகள் அந்தக் காலத்தவை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இரும்புத் தண்டு. மடியை நோக்கி இறக்கினால், இரண்டு பேரில் பருத்தவர் மேல் பட்டு அங்கேயே நின்றுவிடும். நான் இறக்கினேன். அது என் தொப்பையில் வந்து நின்றது. நிவேதாவின் மடிக்கும் தண்டுக்கும் இடையே என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் இருந்தது.

உடம்பு சீட்டை விட்டு எழும்பும் அந்த ஒரு நொடியைப் பற்றி எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன். இரண்டாவது மேட்டில், இதே கடைசிப் பெட்டியில், நானே எத்தனை தடவை எழும்பியிருக்கிறேன். அங்கே இவளைப் பிடித்து வைக்க என் கை ஒன்றுதான் இருக்கும். இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தால் மட்டும் அந்த ஒரு சாண் அடைந்துவிடுமா என்று கேட்டால், அடையாதுதான். ஆனால் கோட்டை எங்கேயாவது போட்டாக வேண்டும், போட்டவர்கள் பொய் சொல்லாத ஆட்களுக்காகப் போட்டிருக்கிறார்கள். கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்.

இவளுக்கு நோய் எதுவும் இல்லை என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். வேண்டுதலுக்காக எடுத்த முடி, உயரமும் போதாது, இரண்டும் எனக்குத் தெரியும் என்றேன். அவள் முகம் சிவந்தது. வீட்டுப்பாடத்தை அடுத்தவனைப் பார்த்து எழுதியவனை வாத்தியார் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தாள். பிறகு தண்டைத் தூக்கிவிட்டாள். இறங்கும்போது நிவேதா என் கையைப் பிடிக்கவில்லை.

7

நிவேதா பெஞ்சில் சாந்திக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். சாந்தி நடந்ததைக் கேட்டுவிட்டு என் கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். எங்களுக்கு மேலே வண்டி கடகடவென்று போவதும், ஆட்கள் கத்துவதும், மறுபடி அமைதியாவதுமாக இருந்தது. இப்படி ஆறேழு வண்டி போயிற்று.

"ஊர்ல அந்த அங்கிள் மடியில வச்சுக்கச் சொன்னாரு. வச்சுக்கிட்டீங்க" என்றாள் நிவேதா, என்னைப் பார்க்காமல்.

"அது மெதுவாச் சுத்தும்மா. அங்க செஞ்சதும் தப்புதான்."

"அப்ப என் முடிய மட்டும் எடுத்துட்டீங்க."

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? ஒப்பந்தத்தில் அவள் பங்கைச் சரியாகச் செய்துவிட்டாள். அவளைக் கேட்காமல் வேண்டிக்கொண்டது என் தப்பு, முடியாததை வாக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிய தப்பு என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை, சாந்தியே திரும்பிப் பார்த்தாள். நிவேதா தொப்பியைப் போட்டாள், கழற்றினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:

"நீங்க போங்கப்பா. யாராவது ஒருத்தர் போகணும். இல்லன்னா என் முடி வேஸ்ட்."

நான் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. சாந்தி என் கண்ணாடியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாங்க, புள்ள சொல்லுதுல்ல" என்றாள். வரிசையின் கடைசியில் போய் நின்றேன். முழுசாக நின்றேன். வழியில் அந்த நரைத்த பெண்மணியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவள் மணியைப் பார்த்துவிட்டு லேசாகத் தலையசைத்தாள்.

பக்கத்து சீட்டு காலி. தண்டு அதே தொப்பையில் அதே இடத்தில் நின்றது. முதல் மேட்டில் சங்கிலி இழுத்துக்கொண்டு மெல்ல ஏறும்போது கீழே பெஞ்சு தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் முகம் தெரியாது. சாந்தியின் சுடிதார் நிறம் தெரிந்தது, பக்கத்தில் தொப்பி இல்லாத சின்ன மொட்டைத் தலை ஒன்று நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை ஆடியது. அதற்கப்புறம் மேடு எது, பள்ளம் எது என்று எனக்குத் தெரியாது. விம்மி விம்மி அழுதேன். கத்துகிற ஐம்பது பேருக்கு நடுவே ஒருவன் அழுதால் யாருக்கும் கேட்காது.

ஆனால் கேமரா ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். இரண்டாவது மேட்டில் படம் எடுத்து, வெளியே வரும் வழியில் திரையில் போடுவார்கள். நான் வருவதற்குள் நிவேதா அங்கே ஓடிவந்து நின்றிருந்தாள். படத்தில் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். கடைசி வரிசையில் ஒரு வழுக்கைத் தலை, தண்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, வாய் கோணி, கன்னமெல்லாம் தண்ணீர்.

"அப்பா, அழுதீங்களா?"

"பயமா இருந்துச்சும்மா."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மூன்று வாரத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பெஞ்சுக்கு ஓடிப்போய் அம்மாவை இழுத்து வந்து காட்டினாள். அந்தப் படம் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது.

நிவேதாவுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. முடி கழுத்தைத் தொடுகிறது, கொண்டை இல்லாமலே அளவுகோலைத் தாண்டிவிட்டாள். இந்தக் கோடையில் நாலு கோஸ்டர்களில் என்னோடு ஏறினாள். ஒவ்வொரு வரிசையிலும் முன்னால் நிற்கிறவர்களிடம், என் சங்கத்து ஆட்களிடம்கூட, தன் அப்பாவுக்குக் கோஸ்டர் என்றால் பயம், அழுதுவிடுவார், அதனால்தான் தான் துணைக்கு வருவதாகச் சொல்கிறாள். அவர்கள் என் பனியனைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். பையை வாங்கிக்கொள்ள நிற்கும் சாந்தியும் அப்போது என்னைப் பார்ப்பாள். ஆமாம், கொஞ்சம் பயம்தான் என்று சொல்லிவிட்டு, நிவேதா நீட்டுகிற கையைப் பிடித்துக்கொள்கிறேன்.